ஸ்டென்ட் செய்தியில் விடுபட்டுப் போகும் மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘மண்டையைத் திறக்காமலே மூளை ரத்தக்கசிவுக்குச் சிகிச்சை’, ‘தொடை வழியாக ஸ்டென்ட் வைத்து உயிரைக் காப்பாற்றிய மருத்துவர்கள்’ என்ற வகைச் செய்திகள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் இப்போது அடிக்கடி வருகின்றன. வரட்டும், இப்படியொரு சிகிச்சை இருப்பது தெரிந்தால்தான் திடீர்த் தலைவலியோடு வருபவரை வீட்டார் காலம் தாழ்த்தாமல் கொண்டுவருவார்கள். ஆனால் இந்தச் செய்திகளில் ஒரு விஷயம் தொடர்ந்து விடுபட்டுப் போகிறது. மூளை ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழலை வைத்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இரண்டைச் சேர்த்துக் கொடுத்தே ஆகவேண்டும். அதை விழுங்கப்போகிறவரோ சில மணி நேரத்துக்கு முன்புதான் மூளைக்குள் ரத்தம் கசிந்தவர். மாத்திரை கொடுத்தால் மறுபடி கசியலாம்; கொடுக்காவிட்டால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். இந்த இழுபறியைச் சொல்லாமல் ‘ஸ்டென்ட் வைத்தார்கள், வீட்டுக்குப் போனார்’ என்று முடித்தால் வாசகருக்குக் கிடைப்பது பாதிச் செய்திதான். மீதிப் பாதி தெரியாததால் வீட்டுக்குப் போன பிறகு கெடுதி நடக்கிறது. அந்த மீதிப் பாதிக்காகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மூளையின் அடிப்பக்கம் ரத்தக்குழாய்கள் வளையம்போல ஒன்றோடொன்று இணைகின்றன. அவை கிளை பிரியும் முனைகளில் ரத்தம் மோதிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அந்த இடத்தில் சுவர் மெலிந்து, சைக்கிள் ட்யூப் ஓரிடத்தில் புடைப்பதுபோலப் புடைத்துக் குமிழாகிறது. இதுதான் அனியூரிசம். பெரும்பாலும் பட்டாணி அளவு, அதைவிடச் சின்னதாகவும் இருக்கும். வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேருக்கு இது இருக்கக்கூடும். பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க வெடிப்பதே இல்லை. புகைப்பழக்கமும் கட்டுக்குள் வராத ரத்தக்கொதிப்பும் வெடிக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. வெடித்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பில் ரத்தம் பரவும். அந்தத் தலைவலிக்கு ஓர் அடையாளம் உண்டு: நொடியில் உச்சத்துக்குப் போகும். ‘சம்மட்டியால் அடித்த மாதிரி’ என்று நோயாளிகள் சொல்வார்கள். கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, சிறிது நேர மயக்கம். சிலருக்கு ஒரு கண்ணிமை தொங்கி, கண்மணி விரிந்து நிற்கும்.

இதை ஒற்றைத் தலைவலி, சைனஸ், பித்தம், ‘பிரஷர் ஏறிவிட்டது’ என்று நினைத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுக்க வைத்துவிடுவது நமது ஊர்களில் சாதாரணம். வலிக்கென்று கொடுக்கும் மாத்திரை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். வாழ்நாளில் வராத அளவுக்குத் தலைவலி திடீரென்று வந்தால் 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போவதே சரி. வலி தொடங்கிய ஆறு மணி நேரத்துக்குள் நல்ல கருவியில் சி.டி. எடுத்து, அனுபவமுள்ளவர் பார்த்தால் கசிவு ஏறக்குறைய தப்பாமல் தெரிந்துவிடும். நேரம் கடந்தால் ரத்தம் கரைந்து, படத்தில் மங்கிவிடும். அப்போது முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்து, அதில் மஞ்சள் நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘ஸ்கேன் நார்மல்’ என்ற ஒரு சொல்லை நம்பி மூன்றாம் நாள் திரும்பி வருகிறவர்கள் இரண்டாவது கசிவோடு வருகிறார்கள். வெடித்த குமிழ் மறுபடி வெடிக்கும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அதிலும் முதல் சில மணி நேரம். அதனால் குமிழை 24 மணி நேரத்துக்குள் அடைத்துவிட வேண்டும் என்பதே இன்றைய முறை. அதுவரை மேல் ரத்த அழுத்தத்தைப் பொதுவாக 160-க்குக் கீழே வைத்திருப்பார்கள். ரொம்பவும் இறக்கிவிட்டால் மூளைக்கு ரத்தம் போதாமல் போகும் என்பதால் அதிலும் நிதானம் வேண்டும்.

அடைப்பதற்கு இரண்டு வழி. மண்டையோட்டில் ஓர் எலும்புத் துண்டைத் திறந்து, குமிழின் கழுத்தில் டைட்டானியம் கிளிப் போடுவது ஒன்று. ரத்தக்குழாய் வழியாகவே குமிழுக்குள் போய், காயில் என்ற மெல்லிய பிளாட்டினம் கம்பிச் சுருளால் நிரப்புவது மற்றொன்று. தள்ளும் கம்பியிலிருந்து மின்சாரத்தால் கழற்றிவிடக்கூடிய காயிலை உருவாக்கியவர் இத்தாலிய மருத்துவர் கைடோ குலியெல்மி. லாஸ் ஏஞ்சலிஸில் 1990-ல் முதல் நோயாளிக்கு அதை வைத்தார்கள். வெடித்த குமிழ்களில் இரண்டு வழியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2002-ல் வெளிவந்தது. அதில் சேர்ந்தவர்கள் 2,143 பேர். ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் காயில் பிரிவில் 23.7 சதவீதம், அறுவைச் சிகிச்சைப் பிரிவில் 30.6 சதவீதம். காயிலுக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். அந்த ஆய்வு எந்த வழியிலும் அடைக்க முடியும் என்று கருதப்பட்ட குமிழ்களைப் பற்றியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மூளையின் நடு ரத்தக்குழாய் கிளை பிரியும் இடத்துக் குமிழ், பக்கத்தில் பெரிய ரத்தக்கட்டியும் சேர்ந்து மூளையை அழுத்தும் நிலை, இவற்றுக்கெல்லாம் இன்றைக்கும் கிளிப்தான் பல நேரம் பொருத்தம். ‘மண்டையைத் திறந்தார்கள்’ என்றால் பழைய வைத்தியம் என்ற எண்ணம் தவறு.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஸ்டென்ட் எங்கே வருகிறது? குமிழின் கழுத்தைப் பொறுத்தது அது. வாய் குறுகிய சொம்புக்குள் சணலைத் திணித்தால் உள்ளேயே நிற்கும். வாய் அகன்ற சட்டியில் திணித்தால் வழிந்து வெளியே வரும். கழுத்து 4 மில்லிமீட்டருக்கு மேல், அல்லது குமிழின் அகலம் கழுத்தைப்போல் இரண்டு மடங்குகூட இல்லை என்றால் அதை அகன்ற கழுத்து என்கிறோம். அதில் வெறும் காயில் போட்டால் சுருள் நழுவி, குமிழ் முளைத்த தாய்க்குழாயில் தொங்கும். ரத்தத்தோடு அடித்துக்கொண்டு போனாலும் போகும். அதைத் தடுக்கக் கழுத்துக்குக் குறுக்கே தாய்க்குழாயில் வலைபோட்ட குழலை விரித்து வைப்பதே ஸ்டென்ட் துணையுடன் காயில் வைக்கும் முறை. வெடித்த குமிழுக்கு இப்படிச் செய்ததை 1997-ல் அமெரிக்காவில் ஹிகாஷிடா குழுவினர் வெளியிட்டார்கள். மூளைக்கென்றே செய்த, தானாக விரியும் ஸ்டென்ட் அந்நாட்டில் அனுமதி பெற்றது 2002-ல்.

இதய ஸ்டென்ட்டும் இதுவும் ஒன்று என்று எண்ணும் குடும்பங்கள் பல. இதயத்தில் வைப்பது சுருங்கிய குழாயைப் பலூனால் விரித்துத் தாங்குவதற்கு. இங்கே குழாய்க்கு ஒரு குறையும் இல்லை. குமிழுக்குள் போட்ட சுருளைத் தாங்கும் வேலிதான் இந்த ஸ்டென்ட். நிட்டினால் என்ற உலோகக் கலவையில் செய்தது; முடியிழைபோன்ற கம்பி, உறையிலிருந்து வெளியே வந்ததும் தானாக விரியும்.

எல்லா அகன்ற கழுத்துக்கும் உடனே ஸ்டென்ட்தான் என்று போகக்கூடாது. இதில் எங்கள் கருத்து உறுதியானது. அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்களின் வழிகாட்டு நெறி 2012-ல், வெடித்த குமிழில் ஸ்டென்ட் வைப்பது பாதிப்பையும் மரணத்தையும் கூட்டுகிறது, அபாயம் குறைந்த வழிகள் இல்லையென்றால் மட்டுமே யோசிக்கவும் என்றது. 2023-ல் கொஞ்சம் தளர்ந்தது: கிளிப்பும் வெறும் காயிலும் இயலாத அகன்ற கழுத்துக்கு ஸ்டென்ட் நியாயமே. ஆனால் அவை இயலும் குமிழுக்கு ஸ்டென்ட் வைப்பது தீங்கு என்ற பிரிவிலேயே வைத்தது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பலூன். காயில் போடும் நேரம் மட்டும் கழுத்தைப் பலூனால் அடைத்து, முடிந்ததும் சுருக்கி வெளியே எடுத்துவிடலாம். குழாயில் நிரந்தரமாக எதுவும் நிற்காது. இரண்டு மாத்திரைக்கும் தேவையில்லை. அதுவும் ஒத்துவராதபோது இன்னொரு வழி உண்டு. குமிழில் வெடித்த இடம் பெரும்பாலும் உச்சிதான்; அந்த உச்சியை மட்டும் இப்போது காயிலால் அடைத்துவிட்டு, கழுத்துப் பக்கம் எஞ்சியதைச் சில வாரம் கழித்து, நோயாளி தேறிய பிறகு, ஸ்டென்ட்டோடு முடிப்பது. படத்தில் அரைகுறையாகத் தெரியும், ‘முழுசா அடைக்கலையா?’ என்று வீட்டார் கேட்பார்கள். ஆனால் கசிவு ஆறாத மூளைக்கு அந்த அரைகுறை வேலையே பல நேரம் பாதுகாப்பு. சுவரே கொப்புளம்போல் மெலிந்த குமிழ், குழாய்ச் சுவர் கிழிந்து உண்டான குமிழ் ஆகியவற்றில்தான் இந்த மாற்றுவழிகள் எல்லாம் அடைபட்டுப்போகும்.

ரத்தக்குழாய்ச் சிகிச்சை அறையான கேத் லேபில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறோம். நோயாளி முழு மயக்கத்தில் இருப்பார். விழித்திருந்தால் ஒரு இருமலில்கூடக் கம்பி குமிழைக் குத்திவிடும். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ குழாய் செருகி, கழுத்து ரத்தக்குழாய் வரை கதீட்டர் என்ற நீண்ட, வளையும் பெரிய குழாய் போகும். அதற்குள்ளே 0.017 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த உள்வாய் கொண்ட மைக்ரோ கதீட்டர். ஒவ்வொரு கதீட்டருக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த சலைன் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பையைச் சுற்றிய அழுத்தப்பட்டையில் அழுத்தம் 300-ல் நிற்கிறதா, பை காலியாகிறதா, குழாயில் காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒருவர் வேண்டும். பை தீர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் கதீட்டருக்குள் ரத்தம் ஏறி உறையும். அடுத்த காயிலைத் தள்ளும்போது அந்த உறைகட்டி மூளைக்குள் போகும். விலை உயர்ந்த கருவிகள் நிறைந்த அறையில் பெரிய விபத்துகள் இப்படி ஒரு சலைன் பையில்தான் தொடங்குகின்றன.

ஒரு கதீட்டரின் நுனியைக் குமிழுக்குள் நிறுத்துவார்கள். இன்னொன்றைக் கழுத்தைத் தாண்டித் தாய்க்குழாயில் கொண்டுபோவார்கள். பிறகு ஸ்டென்ட்டை விரித்தால், குமிழுக்குள் இருக்கும் கதீட்டர் ஸ்டென்ட்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவில் சிறைப்படும், நுனி ஆடாது. ஸ்டென்ட் கழுத்தின் இரு பக்கமும் நாலைந்து மில்லிமீட்டராவது நல்ல குழாயில் உட்கார வேண்டும். கழுத்து நாலரை மில்லிமீட்டர் என்றால் குறைந்தது 15 மில்லிமீட்டர் நீளம் தேவை. குட்டையாக எடுத்தால் காயில் அழுத்தும்போது ஸ்டென்ட் நழுவி, ஒரு முனை குமிழுக்குள்ளேயே விழுந்துவிடும். சில சமயம் ஸ்டென்ட்டை விரிக்காமல் தயாராக வைத்துக்கொண்டு, முதலில் இரண்டு காயில் போட்டுப் பார்ப்பதும் உண்டு. சுருள் நின்றுவிட்டால் ஸ்டென்ட்டே வேண்டாம். வெடித்த குமிழில் இந்தப் பொறுமைக்கு மதிப்பு அதிகம்.

காயிலின் கணக்கு இது. நீளம் 6, அகலம் 5 மில்லிமீட்டர் உள்ள குமிழின் கொள்ளளவு ஏறக்குறைய 78 கன மில்லிமீட்டர். அதில் கால் பங்கு உலோகத்தால் நிறைந்தால் போதும். மீதியை உறைந்த ரத்தம் நிரப்பிவிடும். கால் மில்லிமீட்டர் கனமுள்ள காயில் என்றால் இதற்கு மொத்தம் 40 சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே போக வேண்டும். முதல் சுருள் குமிழின் அகலத்துக்கு ஒத்த 5 மில்லிமீட்டர் வட்டம், கூடைபோலச் சுவரையொட்டி உட்காரும். பிறகு 4, 3, 2 என்று சின்ன வட்டங்கள். மைக்ரோ கதீட்டரில் நுனியிலும் அதிலிருந்து 3 சென்டிமீட்டர் பின்னாலும் ஒரு புள்ளி உண்டு. காயிலைத் தள்ளும் கம்பியிலுள்ள குறி அந்தப் பின்புள்ளியோடு சேர்ந்தால்தான் காயில் முழுவதும் வெளியே வந்திருக்கிறது என்று பொருள். அப்போதுதான் கழற்ற வேண்டும். அதற்கு முன்பே கழற்றினால் வால் கதீட்டருக்குள் மாட்டிக்கொண்டு, இழுக்கும்போது காயில் முழுதும் நூலாகப் பிரிந்து வரும். குமிழ் நிரம்பிய பிறகும் ‘இன்னும் ஒன்று போகும்’ என்று தள்ளும் ஆசையையும் அடக்க வேண்டும். சிறைப்பட்ட கதீட்டருக்குப் பின்வாங்க இடமில்லை, அந்த அழுத்தம் முழுதும் மெலிந்த சுவரில்தான் இறங்கும்.

இப்போது மாத்திரைக்கு வருகிறோம். வெடிக்காத குமிழுக்குத் திட்டமிட்டு ஸ்டென்ட் வைப்பதென்றால் ஒரு வாரம் முன்பே அந்த இரண்டு மாத்திரையையும், அதாவது ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும், தொடங்கிவிடலாம். வெடித்தவருக்கு அந்த வாரம் கிடையாது. குளோபிடோக்ரல் 600 மில்லிகிராம் ஒரே தடவையாக மூக்குக் குழாய் வழியே கொடுத்தாலும் வேலை செய்ய இரண்டு மணி நேரமாவது ஆகும். 300 கொடுத்தால் அதைவிட அதிகம். ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் இதைவிடச் சீக்கிரம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் டைரோஃபிபன் போன்ற மருந்தை ரத்தநாளம் வழியாகக் கொடுக்கிறார்கள். சில நிமிடத்தில் வேலை செய்யும், நிறுத்தினால் சில மணி நேரத்தில் இறங்கும். வெடித்த குமிழில் இந்த இறங்கும் குணம் பெரிய உதவி. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் அப்படியில்லை. அவை ஏறிய தட்டணு (ரத்தம் உறையக் காரணமான சிறு அணு) ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சாகும்வரை வேலை செய்யாது.

வரிசைதான் இங்கே முக்கியம். முதல் காயில் உட்கார்ந்து உச்சி அடைபட்ட பிறகே ஹெப்பாரினை முழு அளவில் கொடுப்பது நல்லது. ரத்தம் உறையும் நேரத்தை அளந்து, சாதாரண அளவைப்போல் இரண்டு மடங்குக்குக் கொண்டுவருவார்கள். ஊசி போடுமுன், ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின் மருந்து கைக்கெட்டும் தூரத்தில், அளவு கணக்கிட்டு ஏற்றி வைத்திருக்க வேண்டும்; 1,000 யூனிட் ஹெப்பாரினுக்கு 10 மில்லிகிராம். நடுவில் குமிழ் வெடித்தால் மருந்தைத் தேடும் நேரம் யாருக்கும் இராது. வெடித்தால் கதீட்டரை வெளியே உருவக்கூடாது. குத்திய இடத்தையே அது அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். அடுத்தடுத்துக் காயில் போட்டுக் குமிழை மூடுவதுதான் வழி. எதிர்ப்பக்க விபத்து, ஸ்டென்ட்டுக்குள் உறைவது. படத்தில் ஸ்டென்ட்டின் ஓரம் மங்கலாக, பஞ்சு ஒட்டியதுபோலத் தெரியும். அப்போது டைரோஃபிபன்தான் கைகொடுக்கும்.

கசிவு வந்தவர்களில் கணிசமானவர்களுக்கு மூளைநீர் தேங்கித் தலைக்குள் அழுத்தம் ஏறும். அதை வடிக்க மண்டையில் துளையிட்டுச் சிறு குழாய் வைக்க வேண்டியிருக்கும். இரண்டு மாத்திரையும் ஏறிய பிறகு அந்தக் குழாயைச் செருகினால் அது போகும் பாதை நெடுக மூளைக்குள் ரத்தம் கசியலாம். ஆகவே நீர் தேங்கும் அறிகுறி இருந்தால், ஸ்டென்ட்டுக்கு முன்பே குழாய் வைத்துவிடுவது வேண்டும். பின்னால் நிரந்தர வடிகுழாய் தேவைப்பட்டாலும் இதே சிக்கல்தான். ஸ்டென்ட் வைக்கலாமா என்று முடிவெடுக்கும்போதே ‘இவருக்கு இன்னும் எத்தனை இடத்தில் கத்தி வைக்க வேண்டிவரும்?’ என்று எண்ணிப் பார்க்காத குழு, சிகிச்சையில் பாதியை மட்டுமே யோசித்திருக்கிறது.

இன்னொன்று: குளோபிடோக்ரல் அப்படியே வேலை செய்யும் மருந்தில்லை. ஈரலில் ஒரு நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் பலன். அந்த நொதி மந்தமாக இருப்பவர்கள் தெற்காசியர்களில் கணிசம். இவர்களுக்கு மாத்திரை வயிற்றுக்குள் போகும், தட்டணுவின் வேலை அடங்காது. ரத்தப் பரிசோதனையில் இதைப் பார்க்க முடியும். பலன் போதவில்லையென்றால் டிகாக்ரெலர் 90 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை என்று மாற்றுவார்கள். அதே நொதியைத்தான் ஒமிப்ரசோலும் ஈசோமிப்ரசோலும் தடுக்கின்றன. நம் வீடுகளில் ‘கேஸ் மாத்திரை’ என்று வெறும் வயிற்றில் போடுவது பெரும்பாலும் இவற்றில் ஒன்று. ஸ்டென்ட் வைத்தவருக்கு வயிற்றுப்புண் தடுப்பு மாத்திரை அவசியமே; அது பான்டோப்ரசோலாக இருக்கட்டும். மெடிக்கல் கடைக்காரர்கள் ‘இதுவும் அதே மாத்திரைதான்’ என்று மாற்றிக் கொடுக்காமல் இருக்க வேண்டுகிறோம்.

அடைத்தாயிற்று என்பதோடு ஆபத்து முடிவதில்லை. நாலாம் நாளிலிருந்து பதினாலாம் நாள்வரை ரத்தக்குழாய்கள் இறுகிச் சுருங்கும் காலம். பேசிக்கொண்டிருந்தவர் குழறினால், கை சோர்ந்தால், காரணமில்லாமல் தூங்கி வழிந்தால் ‘களைப்பு’ என்று விட்டுவிடக்கூடாது. ரத்தத்தில் உப்பு குறைந்தாலும் இப்படியே தெரியும். ‘தண்ணீர் குறைவாகக் கொடுங்கள்’ என்று, வேறு நோயில் உப்பு குறைந்தால் சொல்வதை இங்கே செய்தால் மூளைக்கு ரத்தம் போதாது. இந்தச் சுருக்கத்தின் பாதிப்பைக் குறைக்க நைமோடிபின் 60 மில்லிகிராம் நாலு மணிக்கு ஒரு தடவை, 21 நாள். 30 மில்லிகிராம் மாத்திரை என்றால் வேளைக்கு இரண்டு, நாளைக்கு 12, மொத்தம் 252. இரவு இரண்டு மணி வேளையும் இதில் சேர்த்தி. பதினைந்தாம் நாள் வீட்டுக்குப் போனால் மீதி ஆறு நாளைக்கு 72 மாத்திரை கையில் கொடுத்தனுப்ப வேண்டும். அலாரம் வைத்து எழுப்பிக் கொடுக்க வேண்டும் என்று வீட்டாரிடம் வாயால் சொல்லியாகவேண்டும். ரத்த அழுத்தம் இறங்கினால் மருந்தை நிறுத்தாமல், 30 மில்லிகிராமாகப் பிரித்து இரண்டு மணிக்கு ஒரு தடவை கொடுக்கலாம்.

வீட்டுக்குப் போன பிறகுதான் நீங்கள் எழுதாத அந்த மாத்திரைக்கதை தொடங்குகிறது. இரண்டு மாத்திரையும் சேர்த்துப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம். அதன் பிறகு ஆஸ்பிரின் மட்டும் நீண்ட காலத்துக்கு. எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதை ஸ்டென்ட் வைத்த குழுதான் சொல்ல வேண்டும். ஆனால் நடப்பது வேறு. பல் பிடுங்கப் போகிறவரிடம் ‘ரத்தம் நிற்காது, அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க’ என்கிறார்கள். நிறுத்துகிறார், நாலாம் நாள் காலையில் வாய் கோணுகிறது. ஒரு பல்லைப் பிடுங்கினால் வரும் ரத்தத்தைப் பஞ்சைக் கடித்தே நிறுத்திவிடலாம், தையலும் போடலாம். மூளைக்குள் அடைத்த ஸ்டென்ட்டைத் திறக்க அப்படி எந்தப் பஞ்சும் கிடையாது. குடலிறக்கம், கண்புரை போன்று காத்திருக்கக்கூடிய அறுவைச் சிகிச்சையென்றால் ஆறு மாதம் தள்ளிப்போடலாமா என்று இரு தரப்பு மருத்துவர்களும் பேசிக்கொள்வது நல்லது.

மழைக்காலத்தில் டெங்கு வரும். தட்டணு குறையும்போது இந்த மாத்திரைகளைத் தொடர்வதும் ஆபத்து, சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. எண்ணிக்கையைத் தினமும் பார்த்து, ஸ்டென்ட் வைத்து எத்தனை மாதமாயிற்று என்பதையும் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். ஆகவே காய்ச்சல் என்று போகும் இடத்தில் முதல் வார்த்தையே ‘மூளையில் ஸ்டென்ட் இருக்கிறது’ என்பதாக இருக்கட்டும். காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் பாராசிட்டமால் போதும். ஐபுபுரூஃபன் ஆஸ்பிரினின் வேலையைத் தடுக்கும், வயிற்றில் புண்ணும் உண்டாக்கும்; டைக்ளோஃபினாக் ஊசியும் வேண்டாம். மலம் தார்போலக் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தி வீட்டிலேயே இருந்துவிடுவது இரட்டை ஆபத்து.

பெயர்க் குழப்பமும் பெரிது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஒரே கேப்சூலாகவும் வருகின்றன, கொழுப்பு மாத்திரையோடு சேர்ந்தும் வருகின்றன. ஒரு மருத்துவமனைச் சீட்டில் தனித்தனியாக, இன்னொரு சீட்டில் சேர்த்து எழுதியிருந்தால் இரண்டையும் விழுங்கி இரட்டை அளவு எடுப்பவர்கள் உண்டு. சீட்டு மாறும்போது ‘இதில் ஆஸ்பிரின் எத்தனை மில்லிகிராம், குளோபிடோக்ரல் எத்தனை?’ என்று கேட்டு அட்டையின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. இதய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை வைத்தது. மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய் என்று அப்போது வந்த அறிவிப்பு பலருக்கும் நினைவிருக்கும். அந்தக் கட்டுப்பாடு மூளை ஸ்டென்ட்டுக்கும் காயிலுக்கும் பொருந்தாது. காயில் ஒவ்வொன்றுக்கும் தனி விலை, ஒரு குமிழுக்கு ஐந்தாறு போகும், சில நேரம் பத்தும் ஆகும். எத்தனை என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லவும் முடியாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை வழி இருக்கிறது. அட்டையை அவசரப் பிரிவுக்கு வரும்போதே கையில் கொண்டுவந்தால் நேரம் மிச்சமாகும். கூடவே எங்கள் கோரிக்கை: இதயத்துக்குச் செய்ததை மூளைக்கும் செய்து, காயிலுக்கும் ஸ்டென்ட்டுக்கும் உச்ச விலை வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கையெழுத்துப் போடவேண்டிய குடும்பம் பேரம் பேசவோ இன்னோரிடத்தில் விசாரிக்கவோ முடியாத நிலையில் நிற்கிறது.

அந்தக் கையெழுத்துக்கு முன் வீட்டார் கேட்கவேண்டியது அதிகமில்லை. பலூன் போதாதா? இப்போது உச்சியை மட்டும் அடைத்துவிட்டு ஸ்டென்ட்டைப் பிறகு வைக்க முடியாதா? கிளிப் போடும் அறுவை மருத்துவர் படத்தைப் பார்த்தாரா? மூளைநீர்க் குழாய் தேவைப்படுமா, தேவையென்றால் எப்போது? இவற்றைக் கேட்பதால் எந்த மருத்துவரும் கோபப்படக் கூடாது. கோபப்படாமல் பதில் சொல்லும் குழுவே இதைச் செய்யத் தகுந்தது.

மருத்துவமனைகளிடமும் ஒரு வேண்டுகோள். காயில், ஸ்டென்ட் பெட்டிகளில் பெயரும் அளவும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. அவை கேஸ் ஷீட்டோடு ஆவண அறைக்குப் போய்விடுகின்றன. அவற்றில் ஒன்றை டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஒட்டிக் கொடுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறவரை ‘தலைக்குள் கம்பி இருக்கிறது’ என்று திருப்பி அனுப்புவது அந்த விவரம் கையில் இல்லாததால்தான். பிளாட்டினமும் நிட்டினாலும் காந்தத்தில் இழுபடுபவை இல்லை. தயாரிப்பாளர் சொல்லும் வரம்புக்குள் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவியில் படம் எடுக்கலாம். அதைக் காட்ட ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவே. சாதாரண எம்.ஆர். ஆஞ்சியோவில் ஸ்டென்ட் இருக்கும் இடம் சுருங்கியதுபோலப் பொய்யாகத் தெரியக்கூடும் என்பதையும் அதே சீட்டில் எழுதினால், அந்தப் படத்தைப் பார்த்துப் பதறி அடுத்த ஊருக்கு ஓடும் செலவு மிச்சம். மூன்று முதல் ஆறு மாதம் வாக்கில் கதீட்டர் வழி ஆஞ்சியோ செய்து, காயில் அமுங்கிக் கழுத்து மறுபடி நிரம்புகிறதா, ஸ்டென்ட்டுக்குள் சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இரண்டாவது மாத்திரையை நிறுத்தும் பேச்சு.

அதனால், ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இப்படியொரு செய்தி உங்கள் மேசைக்கு வரும்போது நிருபரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: வெறும் காயிலோ பலூனோ ஏன் போதவில்லை? நோயாளி எந்த மாத்திரையை எந்த மாதம்வரை சாப்பிட வேண்டும்? பதிலை நான்கு வரியில் அச்சிடலாம். ‘மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்’ என்ற வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். பல் மருத்துவமனைக்குப் போகிறவர் கையிலும் உங்கள் நாளிதழ்தான் இருக்கும்.

இப்படிக்கு,
மூளை ரத்தநாளச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், கேத் லேப் தொழில்நுட்பர்கள்,
மதுரை.